வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏமாற்றும் நாடு

1908ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் ஆகஸ்ட் குரோக், அவருடைய மனைவி மரீ குரோக் இருவரும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள டிஸ்கோ தீவுக்குப் போனார்கள். அங்கே காற்றுப் புகாத ஓர் அறையை அமைத்து, உள்ளூர் இனூயிட் மக்களை அதில் தங்கவைத்தார்கள். அவர்கள் சாப்பிட்ட இறைச்சியை எடைபோட்டார்கள். இழுத்த ஆக்சிஜனையும் விட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் விளையாத ஊரில் சீல் என்ற கடல் விலங்கையும் திமிங்கலத்தையும் மீனையும் தின்றே வாழ்கிற உடம்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். இனூயிட் பெரியவர் ஒருவரின் அன்றாட உணவில் சுமார் 280 கிராம் புரதம், 135 கிராம் கொழுப்பு, வெறும் 54 கிராம் மாவுச்சத்து இருப்பதாகக் கணக்குப் போட்டார்கள். அந்த 54 கிராமிலும் பெரும்பகுதி இறைச்சியிலேயே ஒட்டியிருக்கும் கிளைக்கோஜன், அதாவது விலங்கின் உடம்பு சேமித்துவைத்த சர்க்கரை. நாம் மதியம் ஒரு வேளை சாப்பிடும் சோற்றில் இதைவிட அதிகம் இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம். மரீ ஒரு மருத்துவர், பின்னாளில் அவருக்கே சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட கையோடு, 1922இல் குரோக் தம்பதி அமெரிக்கா போயிருந்தபோது, ஆகஸ்ட் டொராண்டோவுக்குப் போய் அதைத் தயாரிக்க அனுமதி வாங்கி வந்தார். டென்மார்க்கில் இன்சுலின் தயாரிப்பு தொடங்கியது இப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் வாழ்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை எப்படி நடந்துகொள்கிறது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு, வயதாக ஆக ஏன் மாறுகிறது? இதைப் புரிந்துகொள்ள முதலில் கல்லீரலையும் தசையையும் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். மீதியெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

ஒரு பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தம் ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் வரை கேட்கும். எடுக்க எடுக்க யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் வெள்ளம்போல வருவதை யாராவது வாங்கி உள்ளே வைக்கவும் வேண்டும்.

ஊற்றுகிற வேலை கல்லீரலுடையது. இரவு முழுக்க நாம் தூங்கும்போது சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். உள்ளே வாங்கிவைக்கும் வேலையில் பெரும்பங்கு தசைகளுடையது. சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதைக் கண்டதும் தசைச் செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் குளூட்-4 என்ற வாயில்கள் செல்லின் விளிம்புக்கு வந்து நின்று சர்க்கரையை உள்ளே விடுகின்றன.

இப்போது பரிசோதனைக் கூடத்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் எடுத்த எண் முக்கியமாகக் கல்லீரலின் கதை: ராத்திரி அது அளவாக ஊற்றியதா, அள்ளி ஊற்றியதா? 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் எண் முக்கியமாகத் தசையின் கதை. ரத்தத்தில் இருப்பதே 5 கிராம்தான் என்னும்போது 75 கிராம் என்பது பெரிய வெள்ளம். நம் ஊரில் கர்ப்பிணிகள் முகம் சுளித்துக்கொண்டே குடிக்கும் அதே தண்ணீர்தான்.

வெறும் வயிற்றில் 100 மில்லி ரத்தத்துக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இரண்டு மணி எண்ணில் 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய், 140 முதல் 199 வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் எப்போதும் ஒரே ஆளைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஆணுக்குக் காலையில், பெண்ணுக்கு அப்புறம்

ஐரோப்பாவில் பல நாட்டு மக்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவயதில் வெறும் வயிற்று எண் ஆண்களுக்குச் சற்று அதிகம். குளுக்கோஸ் குடித்தபின் வரும் எண் எல்லைக்கோட்டைத் தாண்டுவது பெண்களிடம் அதிகம்.

ஆண்கள் பக்கம் விளக்கம் ஓரளவு தெளிவு. ஆணுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றி, கல்லீரலிலேயே போய்ச் சேர்கிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுக்கு அது தொடையிலும் இடுப்பிலும் தங்குகிறது. ஈஸ்ட்ரோஜனும் கல்லீரலுக்குத் துணை நிற்கிறது. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. விடியும்வரை தேவைக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் 95,000 பேருடைய பதிவுகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது. நோய் கண்டறியப்படும் சமயத்தில் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஆண்களுக்குச் சராசரியாக 32க்குச் சற்றுக் கீழே. பெண்களுக்கு 34ஐ நெருங்கிவிட்டது. அதாவது ஆண் கொஞ்சம் பருத்தாலே நோய் வந்துவிடுகிறது, பெண் இன்னும் பருத்த பிறகுதான் வருகிறது. இளம் வயதில் இந்த இடைவெளி பெரிது, வயதாக ஆகக் குறைகிறது.

பெண்கள் பக்கத்து விளக்கம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பாதி உடம்பின் குற்றமே இல்லை. ஆறடி ஆணுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் ஒரே டம்ளரில் அதே 75 கிராம்தான் கொடுக்கிறோம். வாங்கிவைக்கும் தசை பெண்ணிடம் குறைவு. வெள்ளம் மட்டும் ஒரே அளவு. ஆஸ்திரேலியாவில் பெரிய அளவில் நடந்த ஓர் ஆய்வில் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் ஆண், பெண் வேறுபாடு பெருமளவு மறைந்துபோனது. பெண்களின் குடல் குளுக்கோஸைச் சற்று மெதுவாக உறிஞ்சுவதும் ஒரு காரணம். இரண்டாவது மணி நேரத்திலும் வரத்து தொடர்கிறது. ஆகவே குட்டையான ஒரு பெண்ணுக்கு 145 வந்தது என்றால், நோயின் வாசலில் நிற்கிறாள் என்று அலறுமுன் அவள் உயரத்தையும் பார்ப்பது நியாயம்.

வயது விஷயத்தில் முதலில் தேய்வது தசைதான். நாற்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், நடையும் குறையும், கணையத்தின் சுறுசுறுப்பும் மங்கும். கல்லீரல் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால் வயதாக ஆக வெறும் வயிற்று எண் மெதுவாகத்தான் நகர்கிறது, இரண்டு மணி எண் வேகமாக ஏறுகிறது. வெறும் வயிற்றில் 98, குடித்தபின் 205 என்று வருகிற எழுபது வயதுப் பாட்டிகள் ஐரோப்பியக் கணக்கெடுப்புகளில் ஏராளம். காலையில் மட்டும் ரத்தம் எடுத்திருந்தால் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கிரீன்லாந்தில் என்ன நடந்தது

1960களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தில் சர்க்கரை நோய் மிக அரிது என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதன்பிறகு வாழ்க்கை தலைகீழானது. சிதறிக்கிடந்த வேட்டைக் குடியிருப்புகள் கலைந்து மக்கள் நூக் போன்ற ஊர்களின் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். சர்க்கரை, ரொட்டி, குளிர்பானம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. 1999 முதல் 2001 வரை 35 வயதுக்கு மேற்பட்ட இனூயிட் மக்களுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சோதித்தபோது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு அது இருப்பதே தெரியாது. நோய் ஆண், பெண் இருவரிடமும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் இரண்டு மணி எண்ணில் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் ஆண்களில் சுமார் 9 சதவீதம், பெண்களில் 14 சதவீதம். மேலே பார்த்த அதே வடிவம்தான்.

உணவு மாறியது, உடல் பருத்தது, அதனால் நோய் என்று முடித்துக்கொள்ளலாம், பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி 2014இல் வெளிவந்தது. சுமார் 2,500 கிரீன்லாந்துக்காரர்களின் மரபணுக்களை ஆராய்ந்த டென்மார்க், கிரீன்லாந்து ஆய்வாளர்கள் டிபிசி1டி4 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். இந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்குத் தசையில் ஒரே முக்கிய வேலை: இன்சுலின் வந்ததும் குளூட்-4 வாயில்களை விளிம்புக்கு அனுப்ப வழிவிடுவது. மாற்றம் உள்ளவர்களுக்குத் தசையில் அந்தப் புரதம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது, தசை கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறது.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மாறிய பிரதிகள் இரண்டையும் பெற்றவர்கள் அங்கே நூற்றுக்கு நான்கு பேர். அவர்களுக்குக் குளுக்கோஸ் குடித்தபின் வரும் எண் மற்றவர்களைவிடச் சுமார் 70 மில்லிகிராம் அதிகம். சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு பத்து மடங்கு. நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல், அறுபதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டு பேர் நோயாளிகள். வயது இங்கே இரக்கமே காட்டவில்லை. ஏற்கெனவே பாதி மூடிய கதவைத் தசைத் தேய்வு முழுக்கச் சாத்திவிடுகிறது.

இனிதான் எனக்கு ஆச்சரியமான இடம். இந்த மக்களுடைய வெறும் வயிற்று எண் அதிகம் இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களைவிட ஒரு துளி குறைவு! பழுது தசையில்தான், கல்லீரல் சுகமாக இருக்கிறது. கல்லீரலின் கதையைச் சொல்லும் எண்ணை மட்டும் பார்த்தால் எந்தப் பழுதும் தெரியாது. கனடா, அலாஸ்கா இனூயிட் மக்களிடமும் இந்த மாற்றம் பரவலாக இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. மாற்றம் உள்ளவர்களில் நோயோ எல்லைக்கோட்டு நிலையோ இருந்த ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இரண்டு மணிச் சோதனை இல்லாமல் கண்டுபிடித்திருக்கவே முடியாது. உலகம் முழுக்க மருத்துவமனைகள் வசதிக்காக வெறும் வயிற்று எண்ணையும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் நம்பத் தொடங்கியிருக்கும் காலத்தில், ஆர்க்டிக்கில் மட்டும் அந்தப் பழைய குளுக்கோஸ் தண்ணீரை ஒழித்துவிட முடியாது. வசதி என்ற பெயரில் ஒழிப்பது பெரிய தவறு என்றுதான் நினைக்கிறேன்.

தசைக்குள் சர்க்கரை போக இன்சுலின் அல்லாத இன்னொரு வழியும் உண்டு. தசை வேலை செய்யும்போது, யாரும் சொல்லாமலே, அது தானாக வாயில்களைத் திறந்துகொள்ளும். இரண்டு பிரதிகள் உள்ளவர்களிலும் அதிகம் நடமாடுகிறவர்களுக்கு இரண்டு மணி எண் குறைவாக இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. படகு வலித்து, பனியில் சறுக்குவண்டி தள்ளி வாழ்ந்த முன்னோருக்கு அறுந்த புரதம் தொல்லை தராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குழந்தைக்கு எதிர்ப்பக்கம்

வயது என்றதும் முதுமையை மட்டும் நினைக்கிறோம். வடக்கில் இன்னொரு முனையும் உண்டு. சிபிடி1ஏ என்ற மரபணுவின் ஒரு வகை அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து, வடகிழக்கு சைபீரியா ஆகிய இடங்களின் பூர்வகுடிகளிடம் மிகப் பரவலாக இருக்கிறது. அது கொழுப்பை எரிக்கும் இயந்திரத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் நொதியை மந்தமாக்குகிறது. கொழுப்பு மண்டிய உணவைத் தின்னும் பெரியவர்களுக்கு இதனால் தொந்தரவு இல்லை; அந்த வகை வடக்கில் இவ்வளவு நிலைத்துப் பரவியதற்கு அந்த உணவு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

பச்சைக் குழந்தை விஷயம் வேறு. உடம்போடு ஒப்பிட்டால் அதன் மூளை பெரிது, கல்லீரலில் சேமிப்போ சிறிது. காய்ச்சல் கண்டு பால் குடிக்காமல் ஓர் இரவு கிடந்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். அப்போது கொழுப்பை எரித்து ஈடுகட்ட வேண்டும். அந்த வழி மந்தமாக இருந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்புகூட வரலாம். அலாஸ்காவில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள். பெற்றோருக்குச் சொல்வது எளிமையான ஒன்றுதான்: உடம்பு சரியில்லாத குழந்தையை நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள். ஒரே மக்கள் கூட்டத்தில் குழந்தைக்குச் சர்க்கரை குறையும் பயம், தாத்தாவுக்குச் சர்க்கரை ஏறும் பயம்.

இதோடு ஃபின்லாந்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆண்டுதோறும் ஒரு லட்சம் குழந்தைகளில் 50 பேருக்கு மேல் முதல் வகைச் சர்க்கரை நோய் வருகிறது, உலகிலேயே அதிகம். அது நோய் எதிர்ப்புச் சக்தி தன் கணையத்தையே தாக்குவதால் வருவது, முற்றிலும் வேறு நோய்.

குளிர் என்ன செய்கிறது

வடக்கு என்றால் பூர்வகுடிகள் மட்டுமல்ல. ஆர்க்டிக் வட்டாரத்தில் வாழும் சுமார் 40 லட்சம் பேரில் பத்தில் ஒருவர்தான் பூர்வகுடி. மற்றவர்கள் மர்மான்ஸ்க், நோரில்ஸ்க், ஆர்க்கேஞ்சல்ஸ்க், டிரோம்சோ போன்ற நகரங்களில் சுரங்கம், துறைமுகம், அலுவலகம் என்று பிழைக்க வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். சோவியத் காலத்தில் நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளர்களான கஸ்னச்சேயெவ், பானின் இருவரும் இப்படிப் புதிதாக வந்தவர்களைக் கவனித்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குளிரும் இருளும் சேர்ந்து உடம்பைத் தொடர்ந்த அழுத்தத்தில் வைக்கின்றன. உடம்பு மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பையும் புரதத்தையும் எரிபொருளாக நம்பத் தொடங்குகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘துருவ வளர்சிதை மாற்ற வகை’. ரஷ்ய வடக்கில் சர்க்கரையைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கலைமான் மேய்க்கும் நேனெத்ஸ் பூர்வகுடிப் பெண்ணையும் தெற்கிலிருந்து வந்த கப்பல்துறை ஊழியரையும் ஒன்றாகக் கூட்டிப் போட்ட ‘வடவர் சராசரி’ எதையும் கண்டால் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

குளிருக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குளிரில் உடம்பைச் சூடாக்கச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் பழுப்புக் கொழுப்பு பெரியவர்களிடமும் இருக்கிறது என்பது 2009இல்தான் உறுதியானது. அந்த ஆண்டு வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 2,000 பேரின் ஸ்கேன்களில் பெண்களில் 7.5 சதவீதம் பேரிடமும் ஆண்களில் 3.1 சதவீதம் பேரிடமும் அது தென்பட்டது. வயதாக ஆக அது மறைந்துபோகிறது. அப்படியானால் குளிர் சர்க்கரை நோய்க்கு மருந்தா? 2015இல் இரண்டாம் வகை நோயாளிகள் எட்டுப் பேரைப் பத்து நாட்கள், தினம் சில மணி நேரம், 14 முதல் 15 டிகிரி குளிரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு அவர்கள் உடம்பு செவிசாய்ப்பது 43 சதவீதம் கூடியது. எல்லோரும் பழுப்புக் கொழுப்பைத் தேடிப் போனார்கள். அதன் பங்கு சிறிதாகத்தான் இருந்தது. பெரிய மாற்றம் தசையில். குளூட்-4 வாயில்கள் விளிம்புக்கு வந்து நின்றிருந்தன. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து யாரும் பனிக்கட்டித் தொட்டியில் இறங்க வேண்டாம். வடக்கில் வாழ்பவர்களும் இன்று சூடேற்றிய வீடு, சூடேற்றிய கார், சூடேற்றிய அலுவலகத்துக்குள்தான் இருக்கிறார்கள். தோலில் படும் குளிர் மிகக் கொஞ்சம்.

மறுபடி டிஸ்கோ தீவின் அந்த அறைக்குப் போனால், குரோக் தம்பதி மூச்சை அளந்த ஆட்களில் யாருக்காவது அந்த மாறிய மரபணுவின் இரண்டு பிரதிகளும் இருந்திருக்கலாம். தெரிந்திருக்க வழியே இல்லை. அவர்கள் ஒரு முழு நாளில் சாப்பிட்ட மாவுச்சத்து 54 கிராம். இன்று நூக் மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் குடிக்கச் சொல்லி நீட்டும் ஒரு டம்ளரில் 75.